நான்கு நிமிடம், ஒரு முட்டை

கேன்சஸ் சிட்டியிலிருந்து மேற்கே அரை மணி நேரம் காரில் போனால் போனர் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூர் வருகிறது. அமெரிக்க விவசாயிகளின் நினைவாக எழுப்பிய தேசிய வேளாண்மைக் கூடம் அங்கே இருக்கிறது. அதன் பெரிய புல்வெளிக்கு நானும் நண்பனும் போய்ச் சேர்ந்தபோது இன்னும் நன்றாக விடியவில்லை. அக்டோபர் மாதச் சனிக்கிழமை. குளிர் காதுமடலைக் கடித்தது. வெளிச்சம் பரவப் பரவ, மைதானம் முழுக்க நட்டுவைத்த மரப் போஸ்ட்டுகள் தெரியத் தொடங்கின. கம்பம் பள்ளத்தாக்கில் புதுத் திராட்சைத் தோட்டம் போடுகிறவர்கள் பந்தலுக்குக் கல்தூண் ஊன்றிவிட்டு, கொடி ஏறுவதற்குக் காத்திருக்கும் நாட்களில் எப்படி இருக்குமோ அப்படி வரிசை வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் 40 அடி உயரம். உச்சியில் கிராஸ் ஆர்ம் என்ற குறுக்குச் சட்டம், இன்சுலேட்டர், கம்பி எல்லாம் உண்டு. அந்தக் கம்பிகளில் மின்சாரம் மட்டும் கிடையாது.

ஆண்டுதோறும் இங்கே சர்வதேச லைன்மேன் ரோடியோ நடக்கிறது. மின்கம்பம் ஏறி வேலை செய்கிறவர்களுக்கான போட்டி. 1984ல் தொடங்கி இன்றுவரை நடக்கிறது. அமெரிக்கா முழுவதிலிருந்தும், கனடா, பிரிட்டன் போன்ற நாடுகளிலிருந்தும் இருநூறுக்கும் மேற்பட்ட குழுக்கள் வருகின்றன. வேலை பழகுகிற இளைஞர்கள் வேறு நூற்றுக்கணக்கில். மனைவி, பிள்ளைகள், அப்பா, அம்மா என்று குடும்பம் குடும்பமாக வந்து மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். தன் அப்பா போஸ்ட்டில் ஏறுவதை ஒரு குழந்தை பெருமையோடு அண்ணாந்து பார்ப்பதை நான் வாழ்நாளில் முதல்முறையாக அங்கேதான் பார்த்தேன்.

நான் கம்பத்துக்காரன். எங்கள் பள்ளத்தாக்கில் மின்சாரம் கண்ணுக்குத் தெரியும். குமுளி மலை ஏறும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் போதும். மலையிலிருந்து லோயர்கேம்ப்புக்கு இறங்கும் நான்கு ராட்சதக் குழாய்கள் கூடவே வரும். 1895ல் கட்டி முடிந்த பெரியாறு அணையின் தண்ணீர் மலையைக் குடைந்து வந்து, அந்தக் குழாய்களில் விழுந்து, 1958 முதல் 1965 வரை ஒவ்வொன்றாக நிறுவிய நான்கு இயந்திரங்களைச் சுழற்றிவிட்டுத்தான் முல்லையாற்றில் சேர்கிறது. அன்றைய கணக்கில் 140 மெகாவாட். அணையைக் கட்டிய பென்னிகுயிக்கின் பெயரை எங்கள் ஊரில் பிள்ளைகளுக்கு வைக்கிறார்கள். பாலார்பட்டியில் ஜனவரி 15ஆம் தேதி அவர் பிறந்தநாளுக்குப் பொங்கல் வைக்கிறார்கள். தண்ணீர் கொடுத்தவரை இப்படிக் கொண்டாடும் மண், மின்சாரத்தைத் தோளில் சுமந்து வீட்டு வாசல்வரை கொண்டுவருகிறவரின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்வதில்லை. என் தாய்மாமா வயர்மேனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "கரண்ட்டுக்காரர்" என்பதைத் தவிர தெருவில் அவருக்கு வேறு பெயரே இருந்ததில்லை. கேன்சஸ் சிட்டியை ஒட்டிய ஓவர்லேண்ட் பார்க்கில் வேலை பார்க்கும் உத்தமபாளையத்து நண்பன் இந்தப் போட்டியைப் பற்றிச் சொன்னதும் நான் புறப்பட்டதற்கு மாமாதான் காரணம்.

போட்டிக்கு முந்தின இரவு நண்பன் வீட்டில் விதிப்புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். விளையாட்டு விதிகளைப் படிப்பது போலவே இல்லை. முதல் பக்கங்கள் யார் சேரலாம் என்பதைப் பேசுகின்றன. தொழிலில் தேறியவர்களை அவர்கள் ஜர்னிமேன் என்கிறார்கள். ஒரு குழுவுக்கு மூன்று ஜர்னிமேன்கள். இன்னும் பயிற்சியில் இருப்பவர்கள் தனித்தனியாகப் போட்டியிட வேண்டும். அங்கே லைன்மேன் ஆவதற்குப் பொதுவாக நான்கு ஆண்டு வேலையோடு சேர்ந்த பயிற்சி உண்டு. அந்தப் பயிற்சியில் பெயர் பதிந்திருக்க வேண்டும். அதை முடித்துவிட்டவர் பழையபடி பயிலுநர் பிரிவில் நுழைய முடியாது. தனியார் மின் நிறுவனங்கள், நகராட்சி மின்துறைகள், கிராமப்புற மின் கூட்டுறவுகள், ராணுவம், வயதில் மூத்தவர்கள் என்று பிரிவுகள் இருக்கின்றன. அவற்றோடு ஒப்பந்த நிறுவனங்களின் தொழிலாளர்களுக்கும் சமமாக ஒரு பிரிவு. அந்த ஒரு வரியில் நான் வெகுநேரம் நின்றேன். எங்கள் பக்கம் அதே போஸ்ட்டில், அதே வெயிலில் ஏறும் ஒப்பந்தப் பையன்களை எந்தப் பட்டியலிலும் பார்த்ததில்லை.

பயிலுநர்கள் முதலில் எழுத்துத் தேர்வில் உட்கார வேண்டும். பாதுகாப்பு விதி, மின்சாரக் கணக்கு, கருவிகளைக் கையாளும் முறை எல்லாம் கேட்கிறார்கள். போஸ்ட்டில் அணில்போல ஓடி ஏறுகிற பையனும் தாளில் கோட்டைவிட்டால் பட்டியலில் கீழே போய்விடுகிறான்.

காலையில் தேசியக் கொடி ஏறியதும் போட்டிகள் ஒரே நேரத்தில் பல போஸ்ட்டுகளில் தொடங்கிவிட்டன. எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கூட்டம் அதிகமாக இருந்த பக்கம் போய் நின்றோம்.

அது முட்டைப் போட்டி. போட்டியாளர் காலில் இரும்புக் கொக்கி கட்டியிருக்கிறார். கொக்கியின் கூர்முனை மரத்தில் குத்தி நிற்கும், அதுதான் படி. சின்ன வாளி ஒன்றில் ஒரு பச்சை முட்டையை வைத்துக்கொண்டு மேலே ஏறுகிறார். உச்சியில் வாளியை மாட்டிவிட்டு, முட்டையை எடுத்து வாயில் கவ்விக்கொண்டு இறங்க வேண்டும். தரைக்கு வந்ததும் முட்டையை நடுவரிடம் கொடுக்கிறார். கீறல் விழுந்திருந்தால் மதிப்பெண் போச்சு. சிரிப்புக்காக வைத்த போட்டி என்று முதலில் தோன்றும். இரண்டு மூன்று பேரைப் பார்த்தபின் விஷயம் பிடிபட்டது. போஸ்ட் ஏறுவது யாருக்கும் பயிற்சியில் வந்துவிடும். விபத்து காத்திருப்பது இறக்கத்தில். வேலை முடிந்த அசதி, வீட்டுக்குப் போகும் அவசரம், கால் எங்கே வைக்கிறோம் என்ற கவனக் குறைவு. வாயில் முட்டை இருக்கிறவர் பல்லைக் கடிக்க முடியாது, மூச்சிரைக்க முடியாது, தடதடவென்று இறங்க முடியாது. ஒவ்வொரு அடியும் நிதானமாக விழுகிறது. நூறு பக்கப் பாதுகாப்புக் கையேடு சொல்ல நினைப்பதை அந்த முட்டை சொல்லிவிடுகிறது.

இடுப்பில் வெறும் பெல்ட் மட்டும் கட்டி ஏறிய காலம் அங்கேயும் இருந்தது. ஏறும்போதும் இறங்கும்போதும் கால் சறுக்கினால் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. 2014ல் அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பு விதியைத் திருத்தியது. 2015 ஏப்ரல் முதல் போஸ்ட்டில் ஏறும்போதே விழாமல் தடுக்கும் பட்டை கட்டாயம். போஸ்ட்டைச் சுற்றி வளைத்துப் போடும் பட்டை அது. கால் நழுவினால் உடல் எடையே அதை இறுக்கி ஆளை அந்த இடத்திலேயே நிறுத்திவிடும். மைதானத்தில் ஒரு இளைஞனுக்குக் கொக்கி நழுவியது. அரை அடி இறங்குவதற்குள் பட்டை பிடித்துக்கொண்டது. பார்த்துக்கொண்டிருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். நடுவர் தாளில் ஏதோ குறித்தார். நழுவியதற்கு மதிப்பெண் குறையும். பையன் மேலே தொடர்ந்து ஏறினான்.

நான் போனதற்குப் பலன் கிடைத்தது அடுத்த போஸ்ட்டில். போஸ்ட்டின் மேலே ஒரு ஆள் தொங்குகிறார். ஆள் என்றால் பொம்மை. ஆனால் ஹெல்மெட், சட்டை, பெல்ட், பூட்ஸ் எல்லாம் போட்டு சுமார் 80 கிலோ எடையோடு தலை சாய்ந்து கிடக்கும் பொம்மை. மின்சாரம் தாக்கி நினைவிழந்த சக தொழிலாளி அவர். விசில் ஊதியதும் கீழே நிற்பவர் உதவி கேட்டு அறிவிக்க வேண்டும். பெல்ட்டையும் கொக்கியையும் சரிபார்த்து ஏற வேண்டும். கயிற்றைக் கிராஸ் ஆர்மின்மேல் போட்டு, பொம்மையின் மார்பைச் சுற்றி முடிச்சுப் போட்டு, தொய்வு எடுத்து, அதன் பெல்ட்டை அறுத்து, கயிற்றை விட்டு விட்டு மெல்லத் தரையில் கிடத்த வேண்டும். எல்லாம் நான்கு நிமிடத்துக்குள்.

நான்கு என்ற எண்ணை யாரும் விளையாட்டாக வைக்கவில்லை. இதயம் நின்றுவிட்டால் சில நிமிடங்களிலேயே மூளை பிராணவாயு இல்லாமல் சாகத் தொடங்குகிறது. அதற்குள் ஆளைத் தரையில் கிடத்தி நெஞ்சை அமுக்கத் தொடங்கினால் பிழைக்க வழி உண்டு. ஆம்புலன்ஸ் வரும்வரை போஸ்ட்டில் விட்டுவைத்தால் இல்லை. ஆகவே காப்பாற்றுவது ஆஸ்பத்திரியோ தீயணைப்பு வண்டியோ அல்ல, கீழே நிற்கும் கூட்டாளி ஒருவர்தான். அவருக்கு அந்த முடிச்சு தெரிந்திருக்க வேண்டும்.

ஒருவர் ஏறினார். கைகள் பதறவில்லை. முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கத்தியை எடுத்தார். பொம்மை இறங்கி முதுகு புல்லில் படும்வரை கயிறு அவர் கையில் இறுக்கமாக இருந்தது. இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. இன்னொருவர் அவரைவிட வேகம். ஆனால் கடைசி ஐந்தாறு அடியில் கயிறு வழுக்கி, பொம்மை தரையில் பொத்தென்று விழுந்தது. கூட்டம் அமைதியாகிவிட்டது. அவர் மனைவியாக இருக்க வேண்டும், என் பக்கத்தில் நின்ற பெண் முகத்தை மூடிக்கொண்டார். பரிசு போன வருத்தம் என்று எனக்குத் தோன்றவில்லை.

நடுவர்கள் எல்லோரும் இதே தொழிலில் முடி நரைத்தவர்கள். உணவு இடைவேளையில் ஒருவரோடு பேசினேன். ஒவ்வொரு போட்டிக்கும் முழு மதிப்பெண்ணைக் கொடுத்துவிட்டுத்தான் தொடங்குகிறார்கள். நடுவரின் வேலை குறைப்பது மட்டும். கருவி கீழே விழுந்தால் குறையும். கையுறை போட வேண்டிய இடத்தில் வெறுங்கை பட்டால் குறையும். போஸ்ட்டின் நேர்கீழே ஆள் நின்றால் குறையும். நேரத்தையும் குறித்துக்கொள்கிறார்கள், ஆனால் அது மதிப்பெண் சமமாக வரும்போது மட்டுமே பேசும். முன்வரிசையில் வருகிற குழுக்கள் எல்லாமே ஒரு புள்ளியும் இழக்காதவை என்பதால் கடைசியில் நொடிக்கணக்கும் தேவைப்படுகிறது. தவறே செய்யாதவர்களுக்குள்தான் வேகத்தைப் பார்க்கிறார்கள். இந்த வரிசை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. எங்கள் ஊரில் ராத்திரி கரண்ட் போனால் நாம் போன் போட்டுக் கேட்கிற முதல் கேள்வி "எப்ப வரும்?" என்பதுதானே. அந்தக் கேள்வியின் அவசரம் மழையில் நனைந்த ஒரு மனிதனை ஏணியில் ஏற்றிவிடுகிறது. இந்தியாவில் மின்சாரம் தாக்கி ஆண்டுக்கு 12,000 பேருக்கும் மேல் இறப்பதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு சொல்கிறது. பொதுமக்களும் இதில் அடக்கம். கம்பியைத் தொட்டே பிழைக்க வேண்டியவர்களும் அடக்கம்.

இன்னும் இரண்டு போட்டிகளை ஒவ்வோர் ஆண்டும் மாற்றிவிடுகிறார்கள். போட்டிக்குச் சில வாரங்களுக்கு முன்புவரை அவை என்ன என்பதே ரகசியம். கிராஸ் ஆர்ம் மாற்றுவது, பழுதான இன்சுலேட்டரைக் கழற்றி மாட்டுவது, நீண்ட காப்புக் கழியால் பியூஸ் போடுவது என்று அன்றாட வேலையிலிருந்தே எடுக்கிறார்கள். அவற்றை வேகமாகப் பார்த்துவிட்டு மறுபடி பொம்மை இருக்கும் பக்கமே போய்விட்டேன்.

நம் ஊரில் இப்படி ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. 2019ல் தமிழ்நாடு மின்வாரியம் கேங்மேன் வேலைக்கு 5,000 பேரை எடுக்க அறிவிப்பு வெளியிட்டது. கல்வித்தகுதி ஐந்தாம் வகுப்பு. பட்டதாரிகளும் வரிசையில் நின்றார்கள். போஸ்ட் ஏறி வி கிராஸ் ஆர்ம் மாட்டுவது, கம்பியைக் கிரிப் போட்டு இழுப்பது, இரும்புக் கிராஸ் ஆர்மைச் சுமந்து ஓடுவது எல்லாம் உடற்தகுதித் தேர்வில் இருந்தன. தெலங்கானாவில் ஜூனியர் லைன்மேன் வேலைக்குப் பெண்கள் விண்ணப்பிக்க முடியாது என்றிருந்ததை நீதிமன்றம்வரை போய் மாற்றினார்கள். 2020 கடைசியில் பப்பூரி சிரிஷா போஸ்ட் ஏறும் தேர்வில் தேறி, பிறகு அந்த மாநிலத்தின் முதல் லைன்வுமன் ஆனார். மத்திய மின்சார ஆணையத்தின் முயற்சியில் 2021 முதல் மார்ச் 4ஆம் தேதி லைன்மேன் தினமாகக் கொண்டாடப்படுகிறது. வேலைக்குள் நுழையத் தேர்வு இருக்கிறது; ஆண்டுக்கு ஒருநாள் பாராட்டும் இருக்கிறது. நுழைந்தபின் முப்பது ஆண்டு காலமும் கூட்டாளியை இறக்கத் தெரிகிறதா என்று பார்க்க ஒரு மைதானம் வேண்டும்.

திறமைக்கு நம்மிடம் குறைவே இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைப் புரட்டிப்போட்டபோது லட்சத்துக்கும் மேற்பட்ட போஸ்ட்டுகள் சாய்ந்தன. எல்லா மாவட்டங்களிலிருந்தும் மின் ஊழியர்கள் அங்கே போனார்கள். முழங்கால் சேற்றில் கான்கிரீட் போஸ்ட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். கேன்சஸில் ஒரு லைன்மேனிடம் அந்தப் படங்களைக் காட்டினேன். அவரும் புயல் வேலைக்கு மாநிலம் மாநிலமாகப் போய் வருகிறவர். கிரேன் எங்கே என்று கேட்டார். கிரேன் போக வழியில்லாத வயல் என்றேன். போனை வாங்கிப் பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். அவர்கள் பார்த்த பார்வையில் இருந்தது முழு மரியாதை.

ஊருக்கு வந்ததும் எடுத்துவந்த வீடியோக்களை மாமாவிடம் காட்டினேன். முட்டையைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பொம்மை இறங்கியதை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டச் சொன்னார். மறுநாள் சாயங்காலம் கம்பத்தில் அவர் வழக்கமாக உட்காரும் டீக்கடைக்கு என்னையும் கூட்டிப்போனார். அங்கே வேலையில் இருக்கும் வயர்மேன் ஒருவர், கேங்மேன்கள், இரண்டு ஒப்பந்தப் பையன்கள் இருந்தார்கள். போன் கைமாறிக் கைமாறிப் போனது.

"மரப் போஸ்ட்டுல கொக்கி குத்தி நிக்குறாய்ங்க. நம்ம சிமெண்ட் போஸ்ட்டுல எங்கிட்டுக் குத்துறது?" என்றார் கேங்மேன் ஒருவர்.

"ஏணி போட்டு ஏறி, இடுப்புக் கயித்தப் போஸ்ட்டோட சுத்திக் கட்டிட்டு நிக்கணும். கயிறு மட்டும் கிராஸ் ஆர்ம் மேல போகணும், அம்புட்டுத்தேன்" என்றார் மாமா. "ஆனா அதுக்கு முன்னாடி ஏ.பி. சுவிட்ச்சு எறக்கி எர்த் ராடு போட்டாச்சான்னு பாக்கணும். அது போடாம ஏறுனான்னா அவனுக்கு முட்டை மார்க்கு. பாதி கொறைக்கிறதெல்லாம் கெடையாது."

"லைன் கிளியர் வாங்குறதையும் போட்டியில சேருங்க மாமா" என்றேன். மின்சாரத்தை நிறுத்தி, வேலை தொடங்க முறைப்படி அனுமதி வாங்குவதுதான் லைன் கிளியர்.

"அதேன் மொதப் போட்டியே."

எங்கள் ஊருக்கென்று ஒரு போட்டிக்கான விதிகளை எழுத நான் நோட்டை எடுத்துக்கொண்டேன். ரகசியப் போட்டிக்குத்தான் ஆளாளுக்கு யோசனை. ஆனி, ஆடிக் காற்றில் தென்னை மட்டை விழுந்து கிடக்கும் பதினோராயிரம் வோல்ட் கம்பி. போடிமெட்டுச் சரிவில் ஏணி நிற்காத இடத்து போஸ்ட். திராட்சைப் பந்தல் கம்பிமேல் லைன் அறுந்து விழுந்தால் பந்தல் முழுக்க மின்சாரம் பாயுமே, அந்தத் தோட்டத்துக்குள் ஆட்களை விடாமல் தடுப்பது. இந்த மூன்றாவதைச் சொன்னவர் ஒப்பந்தப் பையன்களில் ஒருவர். எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நாங்க சேரலாமாண்ணே?" என்று அவர் வயர்மேனைக் கேட்டார்.

"போஸ்ட்டு ஏறுற யாரும் சேரலாம்னு எழுதுங்க தம்பி" என்று வயர்மேன் என்னிடம் சொன்னார். எழுதினேன்.

பொம்மையை இறக்கும் நேரத்தை வைத்துத்தான் சண்டை வந்தது. ஏணி தூக்கி நிறுத்த ஒரு நிமிடம் போய்விடும், ஆகவே ஆறு நிமிடம் வேண்டும் என்றார் கேங்மேன். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. தொங்குகிறவனுக்கு ஏணிக் கதை தெரியாது, நான்குதான் என்றார். ஏணியை முதலிலேயே போஸ்ட்டில் சாத்திக் கட்டி வைத்திருப்பது வேலையின் விதி, அது இல்லாமல் மேலே ஆள் ஏறியிருக்கவே கூடாது என்று வயர்மேன் சொன்னதும் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. அப்படியானால் ஏணி கட்டியிருக்கிறதா என்பதற்கும் மதிப்பெண் என்று சேர்த்துக்கொண்டேன்.

பொம்மைக்கு மணல் மூட்டை கட்டுவதென்று முடிவானது. கூடலூர்ப் பக்கம் லைனை இடம் மாற்றியபின் கம்பியில்லாமல் ஒரு போஸ்ட் நிற்கிறதாம். அனுமதி கேட்டு உதவிப் பொறியாளரை வயர்மேன் பார்க்கப் போகிறார். போஸ்ட் வயலுக்குள் நிற்பதால் நெல் அறுத்தபிறகுதான் இறங்க முடியும் என்கிறார்கள்.